கைராசி

விரிஞ்சிபுரம்
3.11.2024

அன்புள்ள அண்ணா,

எழில் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். எல்லைக் காவலுக்குப் பனிமலை மேல் ஏறிய நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் இங்கே எல்லோருக்கும் கவலை. வாரத்துக்கு ஒரு தரம் சேட்டிலைட் போனில் உனக்குக் கிடைக்கிற இரண்டு நிமிஷத்தையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள். "சாப்ட்டியா, ஸ்வெட்டர் போட்டியா" என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. எனக்குக் காகிதம்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் என் வேலையை அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நானே கேட்டு வாங்கிய இடம். அங்கே இன்சார்ஜ் சிஸ்டர் யார் என்று நினைக்கிறாய்? உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்தான். "அண்ணின்னு கூப்ட்டீன்னா வார்டே சிரிக்கும்டி" என்று சொல்லிவிட்டதால் வேலை நேரத்தில் அவர் எனக்குச் சங்கீதாக்கா. நரம்பே தெரியாத கையிலும் முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிடுகிறார். வலியில் கத்துகிற ஆளின் தோளில் கை வைத்து, "இதோ அஞ்சு நிமிஷம் பெரியவரே, அடங்கிடும்" என்பார். அவர் சொன்னால் நம்புகிறார்கள். இப்படி ஒருவர் நம் வீட்டுக்கு வரப்போகிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் பருத்த நோயாளி ஒருவரைக் கட்டில் மாற்றும்போது சங்கீதாக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

வார்டுக்குப் புதிதாக மூன்று பெண்கள் வந்திருக்கிறார்கள். ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருஷ சர்ட்டிபிகேட் படிப்பு. எங்களுக்குத் தரும் அதே வெள்ளை யூனிபாரத்தைப் போட்டு நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி பில்கிஸ், ஆம்பூர்ப் பெண். அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். "படிக்கும்போது யாருக்காவது ஊசி போட்டிருக்கியா?" என்று கேட்டேன். "போர்டுல படம் வரைஞ்சு காட்டுனாங்க சிஸ்டர்" என்றாள். முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் பயமாக இருந்தது.

உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
எழில்

---

முன்னணி முகாம்
1.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் நலமே. கால் விரல் பத்தும் பத்திரம். இங்கே காலை எழுந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே அதுதான். உன் கடிதம் ஹெலிகாப்டரில் மண்ணெண்ணெய் டின்களோடு வந்து சேர்ந்தது. வாசனை இன்னும் போகவில்லை.

என் பிரிவில் இருப்பவர்களிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. "எந்தங்கச்சி ஆபரேஷன் வார்டு நர்ஸ்" என்று சொல்லும்போது எனக்கு நாயக் பதவிப் பட்டை கிடைத்த அன்றைக்கு இருந்ததைவிட நெஞ்சு நிமிர்ந்தது. படம் பார்த்து ஊசி கற்ற பெண்ணைப் பற்றிக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். முகாமில் எங்களுக்கு மருந்து பார்க்கும் நர்சிங் அசிஸ்டென்ட் மட்டும் சிரிக்கவில்லை.

சங்கீதாவின் இடுப்பு வலி எனக்குப் புதுச் செய்தி. அவள் கடிதங்கள் இப்போதெல்லாம் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. நீ பக்கத்திலேயே இருக்கிறாய். அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி விவரமாக எழுது.

அப்பாவைப் பாலாற்று மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சூரியபிரகாஷ்

---

விரிஞ்சிபுரம்
6.1.2025

அன்புள்ள அண்ணா,

பொங்கலுக்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் குறையில்லை. அப்பா செருப்பு போட ஒத்துக்கொண்டார், நீ சொன்னதாகச் சொன்னதால்.

வார்டில் நிசார் அஹமது என்று ஒருவர் இருக்கிறார். பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலையில் வேலை. தோல் சீவும் மெஷினில் வலது கை சிக்கி, இரண்டு விரல் போய், மீதியைத் தைத்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் வலி அடங்க மார்பின் எழுதியிருக்கிறார். வேளாவேளைக்கு ஊசி போடுகிறார்கள். ஆனாலும் பாய் துடிக்கிறார். தலையணையைக் கடித்துக் கிழித்துவிட்டார். "நடிக்கிறார்" என்றுகூட ஒருவர் சொன்னார். அவர் மனைவி என் யூனிபாரத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா மருந்து இது, தண்ணி மாரி இருக்குது" என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊசி என் முறைக்கு வந்தது. புதுக் குப்பியை நானே உடைத்து, நானே ஏற்றி, நானே போட்டேன். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்து, வாய் திறந்து தூங்கினார் அண்ணா. எழுந்ததும் இடது கையால் சலாம் வைத்து, "கைராசியான சிஸ்டரு" என்றார். வார்டு முழுக்க இப்போது எனக்கு அந்தப் பெயர்தான். இன்னும் இரண்டு பேர் "கைராசி சிஸ்டரயே ஊசி போடச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. மார்பினுக்குக் கைராசி கிடையாது. யார் போட்டாலும் வலி அடங்க வேண்டும்.

சங்கீதாக்காவுக்கு வேலை ஜாஸ்தி. அதனால்தான் நாலு வரி.

எழில்

---

முன்னணி முகாம்
9.2.2025

அன்புத் தங்கச்சி,

இங்கே குளிர் தவிர வேறு எதிரி இப்போதைக்கு இல்லை. நீங்கள் மூவரும் சுகம்தானே?

உன் கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஒரே மருந்து, ஒரே ஆள். நீ போட்டால் தூங்குகிறார், மற்றவர் போட்டால் துடிக்கிறார். அப்படியென்றால் மற்ற நேரத்தில் அவர் உடம்பில் போனது மருந்தே இல்லை. இது எனக்கே புரிகிறது, உனக்குப் புரியாமல் இருக்காது. யாரோ எடுக்கிறார்கள் எழிலு.

எங்களிடம் ஒரு தோட்டா குறைந்தால் முகாமே தூங்காது. உங்களிடம் குறைவது அதைவிடப் பெரிய பொருள். கூட வேலை செய்கிறவர்கள், தோஸ்த்து, சீனியர் என்று தயங்காதே. யாராக இருந்தாலும் மேலே சொல்லிவிடு. என் தங்கச்சி பயந்து வாயை மூடிக்கொண்டாள் என்று நான் கேள்விப்படக் கூடாது.

சங்கீதாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய். அதுவும் அவள் எழுதுகிற மாதிரியே.

அன்புடன்,
சூரியபிரகாஷ்

---

விரிஞ்சிபுரம்
2.3.2025

அன்புள்ள அண்ணா,

சௌக்கியமா? இங்கே ஒன்றும் குறையில்லை.

மயானக் கொள்ளைத் திருவிழா இந்த வருஷம் பிரமாதம். பாலாற்றில் கால் வைக்க இடமில்லை. அங்காளம்மன் தேரை இந்தத் தடவை போன வருஷத்தைவிட உயரமாகக் கட்டியிருந்தார்கள். சுண்டல், கொழுக்கட்டை எல்லாம் வாரி இறைத்தார்கள். அப்பாவின் புதுத் துண்டு கூட்டத்தில் போய்விட்டது. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, கிடேரி.

மருத்துவமனை பற்றிச் சொல்ல அவ்வளவாக எதுவும் இல்லை. சங்கீதாக்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

எழில்

---

முன்னணி முகாம்
18.3.2025

எழிலு,

நான் நலம். நீ நலமில்லை.

இரண்டு பக்கம் திருவிழா, ஒரு மாடு, ஒரு கன்று. வலியில் துடித்த பாய் என்ன ஆனார்? மருந்து என்ன ஆயிற்று? சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் நீ இப்படித்தான் சம்பந்தமில்லாததை எல்லாம் வரிசையாகப் பேசுவாய். போனில் அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் நல்லாக்கீறோம்" என்று சொல்லிவிட்டு, என் இரண்டு நிமிஷம் முடியும் முன்பே அவளாக லைனை வைத்துவிட்டாள். என் அம்மா இதுவரை அப்படிச் செய்ததில்லை.

சங்கீதாவிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை.

எதுவானாலும் எழுது. தாங்கிக்கொள்கிற இடத்தில்தான் இருக்கிறேன்.

சூரியபிரகாஷ்

---

விரிஞ்சிபுரம்
6.4.2025

அண்ணா,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இதைப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் படி.

மருந்தை எடுத்தது சங்கீதாக்கா.

நிசார் பாய்க்கு அன்று ஊசி போட்டதிலிருந்து எனக்குச் சந்தேகம். இன்சார்ஜ் என்று அவர் முன்கூட்டியே ஏற்றி வைத்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் மட்டும்தான் முனகினார்கள். மத்தியான வெயிலிலும் யூனிபாரத்துக்குள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மார்பின் ஏறினால் கண்மணி கடுகு மாதிரி சுருங்கும். நிசார் பாயின் கண்ணில் நான் தேடியும் கிடைக்காதது சங்கீதாக்காவின் கண்ணில் இருந்தது.

மருந்து அறையில் வைத்து நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"இடுப்பு வலி தாங்கல எழிலு. லீவு கேட்டா ஆள் இல்லன்னாங்க. மொதல்ல கீழ ஊத்தற மீதியத்தான் எடுத்தேன். அப்புறம் அது பத்தல."

"பாய்க்கு இன்னா போட்டீங்க?"

மருந்து அலமாரியைச் சாத்தினார். "சலைன்."

வெறும் உப்புத் தண்ணீர் அண்ணா. கை நசுங்கிய மனுஷனுக்கு.

"உங்கண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம். நான் வுட்டுடறேன், சத்தியமா" என்றார்.

"நீங்களே போயி சூப்பரின்டெண்ட் கிட்ட சொல்லிடுங்க அண்ணி. நான் கூட வர்றேன்" என்றேன். வார்டுக்குள் அவரை அண்ணி என்று கூப்பிட்டது அன்றுதான். தலையாட்டினார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அதற்குள் மருந்துக் கணக்கு இடிப்பதை நிர்வாகம் கண்டுபிடித்துவிட்டது. மார்பினில் மீதியைக் கொட்டும்போது இன்னொரு நர்ஸ் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா இடத்திலும் பில்கிஸ் போட்டிருந்தாள். "சீனியர் சிஸ்டர் கையெழுத்து போடு பாப்பான்னாங்க, போட்டேன். எதுக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கல" என்று அழுதாள். நிர்வாக அதிகாரி, "இவதான். போலீஸ்ல குடுத்துடலாம்" என்றார். அவள் அம்மா கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், மேல்கோட்டில் நூல் பிசிறு ஒட்டியபடி. "எம்பொண்ணுக்கு ஊசியப் புடிக்கவே இப்பத்தான் தெரியுது சார். அது எங்கேந்து திருடும்?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். "பில்கிஸ் இல்ல மேடம். எடுத்தது சங்கீதா சிஸ்டர். எங்கிட்டயே ஒத்துக்கினாங்க."

சூப்பரின்டெண்ட் ஜெபகனி மேடம் என்னையே பார்த்தார். "அவங்க உனக்கு யாருன்னு யோசிச்சுதான் பேசறியா?"

"எங்கண்ணனக் கட்டிக்கப் போறவங்க மேடம்."

சங்கீதாக்காவுக்கு வேலை போய்விட்டது. நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதிவிட்டார்கள், போலீஸிலும் புகார் கொடுத்தாயிற்று. அவர் அப்பா பள்ளிகொண்டாவிலிருந்து வந்து, நம் வாசலில் நின்று, என்னை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அழுதுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. அம்மா, "அந்த ஆம்பூர்ப் பொண்ணு உனக்கு வூட்ட வுடப் பெருசாப் பூட்டாளா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

யாராக இருந்தாலும் சொல்லிவிடு என்று நீ எழுதியது நான் சொல்லி முடித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. உன் பேச்சைக் கேட்டு நான் இதைச் செய்யவில்லை. பின்னால் எப்போதாவது நினைத்து, நாமே சொல்லிவிட்டோமே என்று நீ நொந்துகொள்ள வேண்டாம். செய்தது நான். அன்றைக்குத் திரும்பிப் போனாலும் செய்வேன்.

எழில்

---

விரிஞ்சிபுரம்
18.5.2025

அன்புள்ள அண்ணா,

எங்கே இருந்தாலும் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். வைகாசிக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்த லீவை ரத்து செய்துவிட்டாய் என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

வழக்கு ஒரு பக்கம் நடக்கிறது. சங்கீதாக்கா போதை மறுவாழ்வு சிகிச்சையில் சேர்ந்துவிட்டார். இடுப்புக்கும் இப்போதுதான் சரியான வைத்தியம் நடக்கிறது. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கொண்டுபோன ஆரஞ்சை வைத்துவிட்டு வந்தேன்.

ஜெபகனி மேடம் என்னைக் கூப்பிட்டு, "பிரச்சனைய நீதானே எழுப்பின, வழியும் நீயே சொல்லு" என்றார். சொன்னேன். எங்கே படித்தவரானாலும் வார்டில் ஆறு வாரம் எங்கள் பக்கத்தில் நின்று கற்ற பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும். வலி குறைந்ததா என்று நோயாளியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்து கிடையாது. உடம்பு முடியாத நர்ஸ் லீவு கேட்டால் 'ஆள் இல்லை' என்ற பதில் கூடாது. கடைசியில் சொன்னதற்குத்தான் நிர்வாகத்தில் ஜாஸ்தி சண்டை. மேடம் விடவில்லை.

பயிற்சியை நடத்துகிற பொறுப்பு எனக்கு. முதல் தேர்வில், எல்லா வார்டிலும் இருக்கிற அந்த சர்ட்டிபிகேட் படிப்புப் பெண்கள் பதினோரு பேரில் நாலு பேர்தான் தேறினார்கள். மறுநாளே அந்த இன்ஸ்டிட்யூட் நடத்துகிற புகழேந்தி என்பவர் காரில் வந்து இறங்கினார்.

"நாங்க சர்ட்டிபிகேட் குடுத்தாச்சி. மறுபடி டெஸ்ட் வெக்க நீ யாரும்மா?"

"உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா, இந்த ஏழு பேர்ல யாரை ஊசி போடச் சொல்லட்டும் சார்? நீங்களே காட்டுங்க" என்றேன்.

வாசல் வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே போனார். யாரையும் காட்டவில்லை.

தேறிய நாலு பேரில் பில்கிஸ் ஒருத்தி.

நீ திட்டியாவது எழுது அண்ணா.

எழில்

---

முன்னணி முகாம்
22.6.2025

அன்புத் தங்கச்சி எழிலரசிக்கு,

அண்ணன் உயிரோடு, முழு உடம்போடு இருக்கிறேன். அப்பா, அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பொய் சொல்ல மாட்டேன். உன்மேல் கோபம் இருந்தது. ஊரில் எத்தனையோ நர்ஸ் இருக்க, என் தங்கச்சிதானா பிடிக்க வேண்டும் என்று இருந்தது. உன் கடிதத்தைக் கிழிக்கவும் மனசில்லை, திரும்பப் படிக்கவும் தெம்பில்லை. "யாராக இருந்தாலும்" என்று எழுதியவன் நான்தான். எழுதும்போது அந்த யாரோவுக்கு முகம் இல்லை.

போன மாதம் எங்கள் ரோந்தில் வசந்த் என்கிற பையன், ஆற்காடுப் பக்கம், பனிப்பிளவில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். கயிறு கட்டி மேலே இழுக்கும்போது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நர்சிங் அசிஸ்டென்ட் மார்பின் போட்டார். நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்து, "அண்ணே, இப்ப பரவால்ல" என்றான்.

அந்த ஊசியில் உப்புத் தண்ணீர் இருந்திருந்தால்?

அங்கேயே, பனியில் உட்கார்ந்தபடியே, உன்மேல் இருந்த கோபம் எனக்கு விட்டுப்போனது. ஹெலிகாப்டர் வந்து அவனை ஏற்றிய பிறகு நர்சிங் அசிஸ்டென்டிடம் சங்கீதாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். "செஞ்சது குற்றம். ஆனா அது நோயும்தான், சூரி. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கத் தெரியணும்" என்றார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நீ அதை ஒரே நாளில், அந்த அறையில் எழுந்து நின்று செய்திருக்கிறாய்.

உன்னைப் பற்றி மறுபடி என் பிரிவில் எல்லோரிடமும் சொன்னேன். இந்தத் தடவை முழுக்கதையும் சொன்னேன், அவள் எனக்கு யார் என்பது உட்பட. எங்கள் சுபேதார் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். உனக்குச் சேர வேண்டியது அது.

சங்கீதாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஆடியில் லீவு. நேரில் பேசிக்கொள்வோம்.

பெருமையோடு,
உன் அண்ணன் சூரியபிரகாஷ்

---

விரிஞ்சிபுரம்
12.10.2025

அன்புள்ள அண்ணா,

புது முகாமில் குளிர் கம்மி என்று அப்பா சொன்னார். கேட்டு நிம்மதி. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். இந்த 'எல்லோரும்' என்பதை நான் மனசாரத்தான் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பில்கிஸ். போன வாரம் மூன்று நோயாளிகள் ஒன்றாக வந்துவிட்டார்கள். அவசரத்தில் மீதி மருந்தைக் கொட்டிவிட்டு, "கையெழுத்து போடுடி" என்று அவளிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் பாக்கலியே சிஸ்டர்." பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. 'சாட்சி இல்லை' என்று நானே எழுதி, மேடத்திடம் போய்ச் சொல்லி, திட்டு வாங்கினேன். அன்றைக்கு முழுக்க வாய் கொள்ளாத சிரிப்போடுதான் வேலை பார்த்தேன்.

லீவில் வந்தபோது நீ மட்டும் தனியாகப் பள்ளிகொண்டா போய்விட்டு வந்தாய். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த சங்கீதாக்காவிடம் என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. "ஒரு வருஷம் போவட்டும், அப்புறம் கல்யாணம்" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாய். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நீ போன பிறகும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் வேலை முடிந்து யூனிபாரத்தோடு வந்து இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள், கையில் ஒரு தூக்குச் சட்டி. ஏழு மாதத்துக்கு அப்புறம் என்னோடு முதல் பேச்சு: "பள்ளிகொண்டா போயி சங்கீதாவப் பாக்கணும். கூட வர்றியா?"

பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் நம் ஊர்க்கார அம்மாள் ஒருத்தி. திரும்பி என் யூனிபாரத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, உங்க ஆஸ்பத்திரிலதான ஒரு நர்சு மருந்தத் திருடிட்டாளாம்?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.

"ஆமா. அத்தக் கண்டுபுடிச்சிச் சொன்னது எம்பொண்ணு, தோ இவதான். எடுத்தவ எம்மருமக. ஒடம்பு தேறிக்கினு வர்றா. அவளுக்குத்தான் கொழம்பு எடுத்துக்கினு போறோம்."

பழக்கத்தில் மேலே விரிஞ்சிபுரம் என்று போட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பது பள்ளிகொண்டா வீட்டுக் கூடத்தில். உள்ளே அம்மாவும் அண்ணியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை அண்ணா.

உன் தங்கை,
எழில்